நாங்கள் கழுவிய மூலை

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு குற்றாலம் ரோட்டில் ஒரு மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நாங்கள் காலெடுத்து வைத்தபோது முதலில் முகத்தில் அடித்தது வாடைதான். காலையில் அங்கே ஒரு கல்யாணம். பந்தி முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் கிளம்பி, சமையல்காரர்கள் அண்டா குண்டாக்களை வேனில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சாப்பிட்ட இலைகளை மட்டும் யாரும் சீண்டவில்லை. வாசலுக்கு இடப்பக்க மூலையில் இடுப்பு உயரத்துக்கு அவற்றைக் குவித்து வைத்திருந்தார்கள். அடியிலிருந்து பாயசமும் ரசமும் கலந்த ஒரு பழுப்பு நீர் வழிந்து தரையில் பரவிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஈ மொய்த்துத் தரையே தெரியவில்லை. ஆனி மாசம், வெளியே சாரல். குற்றாலத்துச் சாரலைத் தேடி எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். அந்த ஈரம் ஒரு மூடிய கூடத்துக்குள் புகுந்துகொண்டால் எந்த நாற்றமும் வெளியே போகாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

குவியலுக்குப் பின்னால் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதில் எங்கள் பள்ளியின் பெயரும் அணியின் எண்ணும் இருந்தன.

நான் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்து ஒரு ரோபோ செய்திருந்தார்கள். தரையில் கிடக்கிற பந்துகளைப் பொறுக்கிக் கூடையில் போடுகிற ரோபோ. மறுநாள் மேல்மாடிக் கூடத்தில் பள்ளிகளுக்கிடையே போட்டி. கீழே இந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு மேசையும் ஒரு மின் இணைப்பும் கொடுத்திருந்தார்கள். ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே ரோபோவைத் திறந்து பழுது பார்க்கிற இடம். அதற்குப் பெயர் பிட். பிட்டை எப்படி ஒழுங்காக அமைத்திருக்கிறார்கள் என்பதற்கே தனியாக ஒரு பரிசும் உண்டு.

மூன்று பேரில் நெட்டையாக இருப்பவள்தான் கேப்டன். அவள் அப்பா இருசக்கர வண்டி மெக்கானிக். அதனால் ஸ்பேனரைக் கையில் பிடிக்கிற தோரணையிலேயே அவளுக்கு ஓர் அதிகாரம் இருக்கும். இரண்டாமவள் கண்ணாடி போட்டவள், கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் அப்பா சவுதியில் இருக்கிறார். புரோகிராம் எழுதுவது அவள் வேலை. மூன்றாமவள் ஒல்லிப்பிள்ளை. வீட்டில் அம்மாவோடு பீடி சுற்றிச் சுற்றி அவள் விரல்களுக்கு ஒரு வேகம் வந்திருந்தது. வயர்கள் எல்லாம் அவள் பொறுப்பு.

போட்டியை நடத்திய கல்லூரியிலிருந்து ஒருங்கிணைப்பாளராக ஓர் இளம் விரிவுரையாளர் வந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, காதில் போன். நான் இலைக் குவியலைக் காட்டினேன்.

"க்ளீனிங் ஆட்கள் வந்துருவாங்க மேடம். நீங்க வெயிட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

அரை மணி நேரம் நின்றோம். யாரும் வரவில்லை. மண்டபத்துக் காவலாளி வந்து பார்த்துவிட்டு, "அவுக நாளைக்குக் காலைலதாம்மா வருவாங்க. இன்னைக்கு முகூர்த்தம்லா, எல்லா மண்டபத்துலயும் வேலை கெடக்கு" என்றார்.

கேப்டன் பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துவிட்டாள். "அண்ணாச்சி, வாரியல் எங்கன இருக்கு?" என்று அவரிடம் துடைப்பம் கேட்டாள்.

பிள்ளைகள் மூவரும் அந்த இலைகளைக் கையால் அள்ளினார்கள். பிளாஸ்டிக் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு அள்ளி, காவலாளி கொடுத்த ஓர் உடைந்த தொட்டியில் போட்டு, பின்வாசல் வழியாக இழுத்துக்கொண்டு போய்க் கொட்டினார்கள். நான் சேலைத் தலைப்பை மூக்கில் பொத்திக்கொண்டு வாசலில் நின்றேன். "பாத்து, வழுக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு உண்மையிலேயே குமட்டியது. அவர்களுக்கும் குமட்டியிருக்கும் என்ற எண்ணம் எனக்கு வந்ததே ஒல்லிப்பிள்ளை வாந்தி எடுத்த பிறகுதான்.

தண்ணீர் ஊற்றியபோது தரையில் தண்ணீர் போகிற ஓட்டை அடைத்துக்கொண்டது. எச்சில் தண்ணீர் கணுக்கால்வரை ஏறி நின்றது. ஒல்லிப்பிள்ளை குனிந்து, கையை முழங்கைவரை உள்ளே விட்டு இழுத்தாள். தலைமுடிக் கற்றை, முருங்கைக்காய்ச் சக்கை, நசுங்கிய காகித டம்ளர், யாரோ துப்பிய வெற்றிலைச் சக்கை, எல்லாம் ஒரே உருண்டையாகக் கையோடு வந்தது. அதைத் தொட்டியில் போட்டாள். பின்வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். வாய் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடியும் கையை ஓட்டைக்குள் விட்டாள்.

"ஏட்டி, போதும், நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"இன்னும் கொஞ்சந்தான் டீச்சர். நீங்க சேலை கட்டிருக்கீங்க" என்றாள்.

அதற்குப் பிறகுதான் நான் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தேன். மேசையைத் திருப்பிப் போட்டால் அடியில் பழைய சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. எத்தனை கல்யாணத்துச் சோறோ. சுவரிலிருந்த பிளக் பெட்டியில் கண்ணாடிக்காரி டெஸ்டரை வைக்கப் போனாள். துளையிலிருந்து ஒரு கரப்பான்பூச்சி மீசையை நீட்டியது. அவள் அலறவில்லை. டெஸ்டரால் பெட்டியைத் தட்டினாள். ஒன்றன்பின் ஒன்றாக ஏழெட்டு வெளியே வந்தன.

ஐந்தரை மணிக்குத் தரை காய்ந்து ஃபினாயில் வாசம் மட்டும் மிஞ்சியது. அப்புறம் அவர்கள் பிட்டை அமைத்ததைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது. மேசையின்மேல் ஆய்வகத்துப் பச்சைத் துணி. வலப்பக்கம் பேட்டரி சார்ஜ் ஏறுகிற இடம், 'ஏறுகிறது', 'ஏறிவிட்டது' என்று எழுதிய இரண்டு தட்டுகள். தரையில் மஞ்சள் டேப்பால் ஒரு கோடு. கோட்டைத் தாண்டி உள்ளே வருகிறவர்கள் போட்டுக்கொள்ளப் பாதுகாப்புக் கண்ணாடிகள் ஒரு கொக்கியில் தொங்கின. பின்சுவரில் ஒரு பலகை. பள்ளியில் தூக்கிப் போட்டிருந்த ஒட்டுப்பலகைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, ஸ்பேனர், கொறடு, ஸ்க்ரூடிரைவர், கத்தரிக்கோல் என்று ஒவ்வொன்றின் உருவத்தையும் கறுப்பில் வரைந்திருந்தார்கள். எந்தக் கருவி எங்கே போக வேண்டும் என்று தேடவே வேண்டாம். ஒன்று காணாமல் போனாலும் அதன் நிழல் மட்டும் பலகையில் தெரியும். அந்த யோசனை கேப்டனுடையது. அவள் அப்பாவின் பட்டறையில் எதுவும் வைத்த இடத்தில் இருக்காது என்பதால் வந்த யோசனை என்று சொன்னாள்.

காவலாளி வந்து நின்று பார்த்தார். "கல்யாணத்துக்குக்கூட இங்கன இப்பிடி யாரும் வெளக்குனதில்லம்மா" என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் கூடம் நிறைந்துவிட்டது. சிவகிரி, செங்கோட்டைப் பக்கமிருந்தெல்லாம் அணிகள் வந்திருந்தன. எங்கள் பிள்ளைகள் ரோபோவைத் தூக்கிக்கொண்டு அளவும் எடையும் பார்க்கிற பரிசோதனைக்கு மாடிக்குப் போனார்கள். நான் மேசையில் இருந்தேன்.

அப்போது ஒரு தனியார் பள்ளியின் அணி வந்தது. ஒரே நிற டீ சர்ட் போட்ட ஆறு பிள்ளைகள், ஆளுயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ், கூடவே ஒரு பயிற்சியாளர். போட்டிக்கு ஸ்பான்சர் செய்கிறவர்களில் அந்தப் பள்ளியும் ஒன்று என்று அந்த ஃப்ளெக்ஸிலேயே போட்டிருந்தது. அவர்களுக்கு ஒதுக்கியிருந்த இடம் கூடத்தின் கடைசியில், கை கழுவும் தொட்டிகளுக்குப் பக்கத்தில். பயிற்சியாளர் அங்கே போனார். கர்ச்சீப்பை மூக்கில் வைத்தார். உடனே திரும்பி வந்து ஒருங்கிணைப்பாளரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். பேசும்போது இரண்டு பேரும் என் மேசையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒருங்கிணைப்பாளர் என்னிடம் வந்தார்.

"மேடம், ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட். சீஃப் கெஸ்ட் இந்த வாசல் வழியாத்தான் வாராரு. ரிப்பன் கட் பண்ணி முதல்ல பாக்குறது இந்த பிட்டைத்தான். ஸ்பான்சர் ஸ்கூல் முன்னாடி இருந்தா நல்லாருக்கும்னு மேலிடத்துல ஃபீல் பண்றாங்க. நீங்க பின்னாடி போய்க்கிடுங்க."

அவர் எங்கள் பலகையைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க கர்ள்ஸ் சூப்பரா செட் பண்ணிருக்காங்க. இதைக் கழட்ட இப்ப டைம் இல்ல. போர்டு, துணியெல்லாம் அப்படியே இருக்கட்டும். டூல்ஸை மட்டும் எடுத்துக்கிட்டாப் போதும். உங்களுக்கு ஒண்ணும் ப்ராப்ளம் இல்லையே?"

"இல்ல சார். சரி சார்" என்றேன்.

என்னை யாரும் மிரட்டவில்லை. மறுத்திருந்தால் வேலை போயிருக்காது, பிள்ளைகளைப் போட்டியிலிருந்து விலக்கியிருக்கவும் மாட்டார்கள். 'பிள்ளைகள் வரட்டும், கேட்டுச் சொல்கிறேன்' என்றுகூட நான் சொல்லவில்லை. இருபது வருஷமாகத் தலைமையாசிரியர்களுக்கும் அதிகாரிகளுக்கும் 'சரி சார்' சொல்லிப் பழகிய வாய், கேள்வி முடியும் முன்னாலேயே பதிலைச் சொல்லிவிட்டது. அதோடு நிற்கவும் இல்லை. கருவிகளைப் பலகையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டேன். மேசையில் பச்சைத் துணி ஒரு பக்கம் சுருங்கியிருந்தது. வரப்போகிறவர்களுக்காக அதை நீவிச் சரியாக்கி வைத்தேன். மற்றதையெல்லாம்விட அந்தத் துணியை நீவிய கையை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

பிள்ளைகள் பரிசோதனையில் தேறிவிட்ட சந்தோஷத்தில் படியிறங்கி வந்தார்கள்.

"டீச்சர், நம்ம மேசைல யாரு?"

"மாத்திட்டாங்கட்டி. நமக்குப் பின்னாடி" என்றேன். யாரோ எங்கோ மாற்றியதுபோல.

பக்கத்தில் நின்ற கல்லூரித் தன்னார்வலர் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "இல்லப்பா, உங்க மேடத்துக்கிட்ட சார் கேட்டாங்க. மேடம் ஓகே சொல்லிட்டாங்க."

கேப்டன் என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க சரின்னு சொன்னீங்களா டீச்சர்?"

நான் கருவிப் பையை அவளிடம் நீட்டினேன். அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை. "சரி, வாங்கட்டி. சார்ஜர் எங்கன இருக்கு பாருங்க" என்று மற்ற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பின்னால் போனாள்.

பின்பக்கம் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். கை கழுவும் தொட்டி வரிசைக்கும் எங்கள் புது மேசைக்கும் நடுவே இரண்டடிகூட இல்லை. காலைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு அணி அணியாக ஆட்கள் வந்து கை கழுவினார்கள். கழுவிய கையை உதறினார்கள். பெரிய மனிதர்கள் தொண்டையைக் காறி, மூக்கைச் சிந்தி, அதே விரலைச் சுவரில் தேய்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் வாய் கொப்பளித்துத் துப்பியதில் பாதி தொட்டிக்கு வெளியே விழுந்தது. தொட்டியில் மிளகும் கறிவேப்பிலையும் மிதந்தன. கழிப்பறைக்குப் போகிற நடையும் அதுதான். கதவு திறக்கும்போதெல்லாம் அந்தக் காற்று நேராக எங்கள்மேல் வந்தது. தரையில் கிடந்த மின்வயரைத் தண்ணீர் தொடாமல் இருக்க ஒல்லிப்பிள்ளை அதை நாற்காலிக் கால்களில் சுற்றிக் கட்டினாள். கண்ணாடிக்காரி சாரலுக்காகக் கொண்டுவந்த குடையை விரித்து லேப்டாப்புக்கும் ரோபோவுக்கும் மேலே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூரைக்குக் கீழே குடை.

சீஃப் கெஸ்ட் வருகிற நேரத்தில் ஒருங்கிணைப்பாளர் ஓடிவந்தார். "குடையை மடக்கும்மா. ஃபோட்டோவுல அசிங்கமா விழும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் குடையை மடக்கினாள்.

முதல் ஆட்டத்தில் எங்கள் ரோபோ ஜெயித்தது. இரண்டாவதில் பாதிக் களத்தில் வலப்பக்கச் சக்கரம் நின்றுபோனது. ரோபோ ஒரே இடத்தில் வட்டம் சுற்றியது. ஒல்லிப்பிள்ளை கீழே கொண்டுவந்து திறந்து பார்த்தாள். சுவிட்ச்சுக்குள் ஈரம்.

"தண்ணிதான் போயிருக்கு" என்றாள்.

"அந்த சுவிட்ச்சுக்கு நான் பத்த வச்ச சால்டரிங் விட்டுருக்கவும் செய்யும். சும்மா தண்ணியவே சொல்லாத" என்றாள் கேப்டன். எது காரணம் என்று இன்றுவரை எங்களுக்கு நிச்சயமில்லை. அவள் தன் பங்கைத் தானே எடுத்துக்கொண்டதை மட்டும் பார்த்தேன். மூன்றாவது ஆட்டத்திலும் தோற்றோம். அதோடு எங்கள் போட்டி முடிந்தது.

நடுவில் இரண்டு தடவை நான் முன்பக்கம் போனேன். எங்கள் பச்சைத் துணியின்மேல் அந்தப் பள்ளியின் ரோபோ இருந்தது. அதைப் பிரித்துப்போட்டு வேலை செய்துகொண்டிருந்தவர் பயிற்சியாளர். பிள்ளைகள் பின்னால் நாற்காலிகளில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். நடுவர்கள் வருவது தெரிந்ததும் அவர் சட்டென்று விலகிச் சுவரோரம் போனார். பிள்ளைகள் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஆளுக்கொரு கருவியை எடுத்தார்கள். எங்கள் பலகையில் அவர்களுடைய கருவிகள் தொங்கின. கொறட்டின் நிழல்மேல் பெரிய ஸ்பேனர், கத்தரிக்கோலின் நிழல்மேல் ஒரு டேப் சுருள். எதுவும் எதிலும் பொருந்தவில்லை. நடுவர் ஒருவர் பலகையைக் காட்டி ஏதோ கேட்டார். ஒரு பையன் மனப்பாடம் செய்ததுபோல் நீளமாகப் பதில் சொன்னான். நடுவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார்.

சாயங்காலம் பரிசளிப்பு. சிறந்த பிட்டுக்கான பரிசு அந்தப் பள்ளிக்கு. "கருவிகளுக்கு உருவம் வரைந்து வைத்திருந்த ஒழுங்கும், பிட்டின் சுத்தமும் நடுவர்களை மிகவும் கவர்ந்தன" என்று மைக்கில் வாசித்தார்கள்.

கூட்டம் கைதட்டியது. எங்கள் பிள்ளைகளும் தட்டினார்கள். யார் பரிசு வாங்கினாலும் கைதட்ட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். நானும் தட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒல்லிப்பிள்ளையின் கைகளில் முந்தின நாள் ஃபினாயில் பட்டுத் தோல் உரிந்திருந்தது. அவள் தட்டும்போது வலிக்கத்தான் செய்திருக்கும்.

கேப்டன் மட்டும் நடுவில் எழுந்து போனாள். எனக்கு ஏதோ பயமாக இருந்தது. பின்னாலேயே இறங்கினேன். கீழே கூடத்தில் அவள் ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று பலகையின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளியின் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்காக மேசையில் வைத்திருந்தாள். கோப்பையைத் தூக்கிக்கொண்டு அந்த அணி படியிறங்கி வந்தது.

"ஏம்மா, என்ன பண்ற?" என்றார் பயிற்சியாளர்.

"எங்க போர்டு சார். எடுத்துட்டுப் போறேன்."

"இரும்மா, கப்போட ஒரு ஃபோட்டோ எடுத்துட்டுத் தாரோம்."

"எங்க போர்டுக்கு முன்னாடி எதுக்கு சார் ஃபோட்டோ?"

அவர் என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்."

அவளை இறங்கச் சொல்லவில்லை என்பதுதான் அந்த இரண்டு நாளில் நான் அவர்களுக்காகச் செய்த ஒரே காரியம். இதைத் தைரியம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு நா கூசுகிறது. கடைசித் திருகைக் கழற்றிப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் வெளியே நடந்தாள்.

ஆட்டோவில் திரும்பினோம். அருவியில் குளிக்க வந்த சீசன் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. ஈரத் துண்டோடு ஆட்கள், நசுங்கிய ஷாம்பூ பாக்கெட்டுகள், எண்ணெய் நாற்றம், சாக்கடை ஓரத்தில் பஜ்ஜி. வருஷா வருஷம் பார்க்கிறதுதான். அன்றைக்கு எல்லாமே எனக்குக் குமட்டியது. பிள்ளைகள் ரோபோவை மடியில் வைத்துக்கொண்டு தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். என்னிடம் பேசவில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு தடவை குளித்தேன். சோறு இறங்கவில்லை. வீட்டில் 'என்னாச்சு' என்று கேட்டதற்கு 'மண்டபத்துல ஒரே நாத்தம்' என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் மூன்று பேரும் ஆய்வகத்துக்கு வந்தார்கள். கண்ணாடிக்காரி ஒரு காகிதத்தை நீட்டினாள். போட்டி நடத்தியவர்களுக்கு அவர்களாகவே எழுதிய கடிதம்.

"இதுல உங்க கையெழுத்து வேணும் டீச்சர். மாணவர்கள் மட்டும் எழுதுனா வாங்க மாட்டாங்களாம்."

வாசித்தேன். திட்டும் இல்லை, அழுகையும் இல்லை. வாசலோர மூலையை வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் கழுவினோம். பலகையை வரைந்தது நாங்கள். சனிக்கிழமை காலை எங்கள் இடம் மாற்றப்பட்டது. எங்கள் பலகையும் துணியும் அங்கேயே வைத்துக்கொள்ளப்பட்டன. பரிசு எங்களுக்கு வேண்டாம். அந்தப் பிட்டை அமைத்தது யார் என்பதை மட்டும் உங்கள் பதிவில் திருத்தினால் போதும். அவ்வளவுதான் எழுதியிருந்தார்கள்.

'எங்கள் இடம் மாற்றப்பட்டது' என்ற வரியில் என் கண் நின்றது. யார் மாற்றச் சம்மதித்தார்கள் என்பது அதில் இல்லை. மறந்துபோய் விடுபட்டதாகத் தெரியவில்லை. அந்த இடத்தில் ஏதோ எழுதி, வெள்ளை மை பூசி அழித்திருந்தார்கள். சாக்கடைக்குள் கையை விட்டபோது 'நீங்க சேலை கட்டிருக்கீங்க' என்ற அந்தப் பிள்ளைகள் இப்போதும் என்மேல் அழுக்குப் படாமல் பார்த்துக்கொண்டார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகள் என்னைக் காப்பாற்றுகிறார்கள் என்பது அந்த மண்டபத்து வாடையைவிட மோசமாக என்னைத் தாக்கியது.

பேனாவை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதினேன்: 'மாணவிகள் அங்கே இல்லாதபோது, அவர்களைக் கேட்காமல், இதற்குச் சம்மதித்தவள் நான்.' கீழே கையெழுத்துப் போட்டுப் பள்ளி முத்திரையும் வைத்தேன்.

கேப்டன் வாங்கி வாசித்தாள். "இது எதுக்கு டீச்சர்? லெட்டர்ல அடிச்சு எழுதுன மாதிரி இருக்குல்லா" என்றாள்.

"இருக்கட்டும்" என்றேன்.

"வேற தாள்ல நீட்டா எழுதித் தாரோம். அதையும் சேத்தே எழுதுதோம்" என்றாள் ஒல்லிப்பிள்ளை. எழுதிக்கொண்டு வந்தார்கள். என் வரியை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் சேர்த்திருந்தார்கள். மறுபடியும் கையெழுத்துப் போட்டேன். பதிவுத் தபாலில் அனுப்பினோம். போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை அட்டை வந்தது. கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை.